ஓயா உழைப்பும் உளத்தளர்ச்சியும்: ஒரு நோய்ப்பெயரின் வரலாறு

ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என மூன்று அதிகாரங்களைத் திருவள்ளுவர் அடுத்தடுத்து வைத்தார். சோம்பலின் கேட்டையும் இடையறா முயற்சியின் சிறப்பையும் முப்பது குறள்களில் எடுத்துரைத்த அப்பெரியார், ஓய்வுக்கென ஓர் அதிகாரம் வகுத்தாரல்லர். அதற்குத் தேவை இருக்கவில்லை போலும். உழவுத் தொழில் கதிரவனின் போக்கோடும் பருவத்தின் போக்கோடும் இயைந்து நடந்த காலம் அது. இருள் சூழ்ந்தால் ஏர் நிற்கும். அறுவடை முடிந்தால் மாடும் ஆளும் ஒருங்கே ஓய்வர். தேடாமலே வந்த ஒன்றைப் பற்றி அறநூல் கூற வேண்டியது என்ன? இரவென்றும் பகலென்றும், மாரியென்றும் கோடையென்றும் பாராது வேலை தொடரக்கூடிய நிலை தோன்றிய பின்னரே, ஓயாமையால் உள்ளத்துக்கு நேரும் ஊறு தனியொரு பொருளாக ஆராயப்படலாயிற்று. அந்நிலை முற்றியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். அந்நூற்றாண்டின் மருத்துவர் அதற்கு ஒரு பெயரும் இட்டனர். அப்பெயரின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

1869ஆம் ஆண்டில், நியூயோர்க் நகரத்து மருத்துவர் ஜோர்ஜ் மில்லர் பியர்ட் என்பார் மருத்துவ இதழொன்றில் எழுதிய கட்டுரையிலே 'நியூரஸ்தீனியா' என்னும் சொல்லைக் கையாண்டார். மிச்சிகன் மாநிலத்து மருத்துவர் ஒருவரும் அதே ஆண்டில் அதே சொல்லை வழங்கினார் எனினும், உலகெங்கும் அதனைப் பரப்பியவர் பியர்டே. நரம்புத் தளர்ச்சி எனத் தமிழில் நாம் வழங்குவது இதனையே. நமது செய்தித்தாள்களின் மருந்து விளம்பரங்களிலே நெடுங்காலமாகக் குடிகொண்டுள்ள அத்தொடர், அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால் பிறந்தது என்பதைப் பலரும் அறியார். தூக்கமின்மை, தலைவலி, செரியாமை, காரணம் புலப்படாத அச்சம், எதிலும் மனம் பற்றாமை, சிறு வேலைக்கும் பெருங்களைப்பு எனப் பலவாறான குறிகளை அவர் ஒரே நோயின் கீழ் அடக்கினார். குறிகளின் பட்டியல் ஆண்டுதோறும் நீண்டது. எல்லாவற்றையும் விளக்கும் நோய் எதனையும் விளக்காது என்று அவரைக் குறை கூறுதல் எளிது. ஆயினும், உடலிற் புண்ணுமின்றிக் காய்ச்சலுமின்றி வாடியிருந்த மாந்தர்க்கு, 'உமக்குள்ளது சோம்பலன்று. நோய்' என்று ஒரு மருத்துவர் கூறியது சிறிய உதவியன்று.

1881இல் பியர்ட் வெளியிட்ட 'அமெரிக்க நரம்பியல்பு' என்ற நூலில் இந்நோயின் காரணங்கள் விரித்துரைக்கப்பட்டன. நீராவி விசை, பருவ இதழ்கள், தந்தி, விஞ்ஞானங்கள், பெண்களின் அறிவு முயற்சி ஆகிய ஐந்துமே தற்கால நாகரிகத்தைப் பண்டை நாகரிகங்களிலிருந்து வேறுபடுத்துவன என்றும், நரம்புத் தளர்ச்சிக்கு வித்து இவையே என்றும் அவர் கருதினார். ஐந்தாவது காரணத்தை இன்று படிப்பவர் முகஞ்சுளிப்பர், அது தகும். கடிகாரத்தைப் பற்றி அவர் கூறியதோ கூர்மையானது. கைக்கடக்கமான கடிகாரம் பெருகியதனால், குறித்த நிமிடத்துக்குக் குறித்த இடத்தில் இருக்கவேண்டும் என்னும் பதைப்பு நரம்புகளை அரிக்கின்றது என்றார் அவர். வீட்டுச் சுவரிலும் கைபேசியிலும் மணிக்கட்டிலும் ஒரே வேளையிற் கடிகாரம் பார்க்கும் நமக்கு இதனை மறுக்க இயலாது.

மனிதரிடம் நரம்பாற்றல் ஓர் அளவாகவே உண்டு என்பது பியர்டின் கொள்கை. மின்சாரத்தாற் சிகிச்சை செய்தவர் ஆகையால், எடிசனின் மின்விளக்கையே உவமையாகக் கொண்டார். ஒரு மின்சுற்றிலே விளக்குகளைக் கூட்டிக்கொண்டே போனால் ஒளி மங்கும். சில விளக்குகள் அணைந்தும் போகும். புதுப்புது வேலைகளை ஏற்கும் மனிதரின் நிலையும் அதுவே என்றார். சேமிப்புக்கு மிஞ்சிச் செலவு செய்தோன் முறிவடைவது போன்ற நரம்பு முறிவு என்றும் கூறினார். இக்கொள்கைப்படி நோய் என்பது கணக்கில் விழுந்த துண்டு. மருந்து என்பது செலவைக் குறைத்தல், அதாவது ஓய்வு. விளக்கம் எளிமையானது, எளிமையே அதன் செல்வாக்குக்குக் காரணமாயிற்று.

ஆனால் இந்த நோய் யாருக்குரியது? மூளையால் உழைப்போருக்கே சிறப்பாக உரியது என்றார் பியர்ட். வணிகர், வழக்கறிஞர், மருத்துவர், அறிஞர் ஆகியோர் இதற்கு ஆளாவர். தசையால் உழைப்போரை இது அரிதாகவே அணுகும். ஆகவே நரம்புத் தளர்ச்சி ஒருவகைப் பெருமையாகவும் ஆயிற்று. எனக்கு ஓய்வே இல்லை என்று இன்று நம்மவர் சொல்லும்போது குரலில் முறைப்பாட்டோடு சிறிது பெருமிதமும் கலந்திருப்பதை யார்தாம் கேட்டிலர்? அதன் மூலத்தை இங்கே காணலாம்.

இப்பெருமை எவருக்கு மறுக்கப்பட்டது என்பதையும் வரலாறு காட்டும். இங்கிலாந்திலே 1833ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஒன்பது வயதுக்கும் பதின்மூன்று வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளின் வேலையை நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலமாகவும், பதின்மூன்று முதற் பதினெட்டு வயதுவரையிலானோரின் வேலையைப் பன்னிரண்டு மணித்தியாலமாகவும் மட்டுப்படுத்தியது. மட்டுப்படுத்திய பின்னர் நின்ற அளவு அது! பெண்களுக்கும் இளைஞருக்கும் பத்து மணித்தியாலம் என்ற எல்லை 1847இலேதான் கிடைத்தது. நம் நாட்டிலோ, பியர்ட் தம் நோய்க்குப் பெயரிட்ட அதே 1869இல் கோப்பிச் செடிகளிலே இலைநோய் தோன்றியது. கோப்பி அழிந்து தேயிலை பரவியது. அத்தேயிலை மலைகளில் கூடை சுமந்த தமிழ்ப் பெண்களின் களைப்பு நியூயோர்க் மருத்துவரின் வரையறைக்குள் வாராதது. அவர்கள் களைத்தால் அது களைப்பே, நோயன்று.

எனவே, நரம்புத் தளர்ச்சியின் வரலாற்றை மருத்துவர் எழுதிய நூல்களிலிருந்து மாத்திரம் அறிதல் போதாது. நோயுற்றோரே எழுதி வைத்த சான்றுகளும் உள. அவற்றைப் படிக்குந்தோறும் ஒன்று புலனாகின்றது: மருத்துவர் அளந்தது வேலையின் அளவை, நோயுற்றோர் சொல்லியது வேறொன்றை.

இவற்றுள் முதன்மையானது பியர்டின் காலத்துக்கு முந்தியது. 1806இல் இலண்டனிற் பிறந்த ஜோன் ஸ்ருவாட் மில், மூன்று வயதிலே கிரேக்கமும் எட்டு வயதிலே இலத்தீனும் கற்கத் தொடங்கினார். ஆசிரியர் தந்தையே. அத்தந்தையாகிய ஜேம்ஸ் மில், இந்தியாவிற் காலடி வையாமலே பிரித்தானிய இந்தியாவின் வரலாற்றைப் பெருநூலாக எழுதியவர். பன்னிரண்டாம் வயதில் மைந்தன் தருக்கவியல் கற்றான். அடுத்த ஆண்டிற் பொருளியல். தான் படித்ததைத் தம்பி தங்கையர்க்குக் கற்பிக்கும் பொறுப்பும் அவன் மேலதே. விடுமுறை என்பது அவ்வீட்டில் இல்லை. உழைக்கும் பழக்கம் முறிந்து சோம்பலின் சுவை பிடித்துவிடுமென்று தந்தை அஞ்சினார் என்பதை மில்லே தம் சுயசரிதையிற் பதிந்துள்ளார். இன்றைய பெற்றோர் பலர் இதனைப் படித்துத் தலையசைப்பர் என்று அஞ்சுகிறேன். அடுத்து நிகழ்ந்ததையும் அவர்கள் படிக்க வேண்டும்.

1823இல், பதினேழு வயதில், மில் கிழக்கிந்தியக் கம்பனியின் அலுவலகத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். பகலில் அலுவலகம். எஞ்சிய நேரத்தில் சீர்திருத்த இதழொன்றுக்குக் கட்டுரைகள், விவாதக் கழகத்திற் சொற்போர், ஜேர்மன் மொழிப் பயிற்சி. இவை போதாவென்று, சாட்சியச் சட்டம் பற்றி ஜெரமி பெந்தம் எழுதிக் குவித்திருந்த தாள்களை ஒழுங்குசெய்யும் பணியையும் ஏற்றார். அது 1827இல் ஐந்து பாகங்களாக வெளிவந்தது. இளைஞர் ஒருவர் ஏற்கத்தக்க சுமையன்று அது. எனினும் அவர் மகிழ்ச்சியாகவே இருந்தார். உலகைத் திருத்துவதே தம் வாழ்வின் இலக்கு என எண்ணியிருந்தார்.

1826ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், இருபது வயதில், தம்மைத் தாமே ஒரு வினா வினவினார். நான் விரும்பும் சீர்திருத்தங்கள் யாவும் இக்கணமே நிறைவேறிவிடின், அது எனக்குப் பெருமகிழ்ச்சி தருமா? தராது என்று உள்ளம் ஐயமின்றி விடை கூறிற்று. அத்தோடு தம் வாழ்வு எழுப்பப்பட்டிருந்த அடித்தளமே சரிந்ததாக அவர் எழுதுகிறார். மனம் விட்டுச் சொல்ல ஆளில்லை. தந்தையிடம் சொல்லவே முடியாது. தாம் புகட்டிய கல்வி இப்படி முடிந்ததென அறிந்தால் அவர் வருந்துவாரேயன்றி உதவார்.

இங்கே ஊன்றி நோக்கற்பாலது ஒன்றுண்டு. அந்தத் துயர் மிகுந்த மாதங்களிலும் மில் வேலையை நிறுத்தினாரல்லர். அலுவலகம் சென்றார், எழுதினார், கழகத்திற் பேசினார். பழக்கத்தின் விசையாலே கை இயங்கியது. உள்ளம் அதிற் பங்கு கொள்ளவில்லை. வெளியிலிருந்து நோக்கினோர்க்கு அவர் முன்போலவே சுறுசுறுப்பான இளைஞர்.

அவர் மீண்டதும் ஓய்வினாலன்று. ஏறத்தாழ அரையாண்டு கழித்து, மார்மொந்தெல் என்னும் பிரெஞ்சு எழுத்தாளரின் நினைவுக் குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தார். தந்தை இறந்த வீட்டிலே, சிறுவன் ஒருவன் இனி எல்லாருக்கும் எல்லாமாக நானிருப்பேன் என உறுதி கொள்ளும் பகுதி வந்தது. மில் அழுதார். தாம் மரக்கட்டையுமல்லர், கல்லுமல்லர் என்பதை அக்கண்ணீரால் அறிந்தார். அன்று முதற் சுமை குறைந்தது. 1828இல் வேட்ஸ்வேத்தின் கவிதைகளைப் படித்தபோது, போராட்டமும் குறைபாடும் அற்ற ஓர் அமைதியான இன்பம் உண்டென்பதைக் கண்டார். உணர்ச்சிகளையும் பேணி வளர்த்தல் வேண்டும் என்பதும், இன்பத்தை நேரே குறிவைத்துத் தேடுவோர்க்கு அது கிட்டாது என்பதும் அவர் அக்காலத்திற் பெற்ற கருத்துகள்.

மில்லின் நண்பரும் அவரைப் பற்றி நூலெழுதியவருமான ஸ்கொத்லாந்து அறிஞர் அலெக்சாந்தர் பெயின், 1882இல் இந்நிகழ்ச்சியை வேறுவிதமாக விளக்கினார். மூளைக்கு மிஞ்சிய வேலை கொடுத்ததால் வந்த உடற்களைப்பே இது என்பது அவர் முடிபு. பியர்ட் கேட்டிருந்தால் உடன்பட்டிருப்பார். பெயினின் விளக்கத்தில் உண்மை இல்லாமலில்லை. அவ்வளவு வேலையால் இளைஞர் ஒருவர் களைப்பது இயல்பே. ஆனால் களைப்பு மட்டுமே நோயாயின், அதே அளவு வேலையை விடாது செய்துகொண்டே அவர் குணமடைந்தது எப்படி? அவருக்கு நேர்ந்த கேடு அதிகமாக உழைத்தமையால் மட்டும் வந்ததன்று. எதற்காக உழைக்கிறோம் என்று வினவ ஒரு நாழிகையும் இல்லாதபடி பிள்ளைப் பருவம் முதல் அவரது நாள்கள் நிரப்பப்பட்டிருந்தமையால் வந்தது. வினா தாமதமாக வந்தது. வந்தபோது வீட்டையே இடித்தது.

ஓய்வையே மருந்தாக்கியவர் பிலடெல்பியா நகரத்து மருத்துவர் சைலஸ் வியர் மிச்செல். அமெரிக்க உள்நாட்டுப் போரில் நரம்புக் காயமுற்ற வீரர்களை ஆராய்ந்து புகழ்பெற்றவர் அவர். மிதமிஞ்சி உழைப்போர்க்கென்று 1871இல் ஒரு சிறுநூல் எழுதினார். அவருடைய 'ஓய்வுச் சிகிச்சை' பெரும்பாலும் பெண்களுக்கே அளிக்கப்பட்டது. ஆறு முதல் எட்டு வாரம்வரை படுக்கை, பாலும் கொழுத்த உணவும், உடலைப் பிடித்துவிடுதல், உறவினரைக் காணத் தடை, படிப்பு, எழுத்து, தையல் எதுவுங் கூடாது. ஆண்களுக்கு அவர் கூறிய மருந்து வேறு. மேற்கு மாநிலங்களுக்குச் சென்று குதிரையேறித் திறந்தவெளியில் வாழுமாறு பணித்தார். அவ்வாறு 1885இல் வயோமிங் சென்ற ஓவன் விஸ்ரர், பிற்காலத்தில் அப்பிரதேசத்தைப் பற்றிய நாவலால் புகழடைந்தார். ஒரே நோய், ஆணுக்குக் குதிரை, பெண்ணுக்குக் கட்டில்.

1887இல் சார்லொட் பேர்க்கின்ஸ் கில்மன் என்னும் எழுத்தாளர் மிச்செலிடம் சென்றார். 1885இல் மகளைப் பெற்ற பின் தீராத மனச்சோர்வு அவரைப் பற்றியிருந்தது. ஒரு மாதச் சிகிச்சையின் பின், இயன்றவரை இல்லறத்திலேயே ஒடுங்கி வாழ்க, குழந்தையை எப்போதும் உடன் வைத்திருக்க, அறிவு முயற்சி நாளுக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேற்படாதிருக்க, வாழ்நாள் முழுதும் பேனாவையும் தூரிகையையும் தொடாதிருக்க என்னும் கட்டளைகளோடு அவர் வீடு அனுப்பப்பட்டார். மூன்று மாதம் அவற்றைப் பின்பற்றியதிற் சித்தம் கலங்கும் விளிம்புக்கே வந்துவிட்டதாக அவர் எழுதினார். பின்னர் அக்கட்டளைகளை உதறி, மீண்டும் வேலையை மேற்கொண்டு எழுந்தார். 1892இல் வெளியான அவருடைய 'மஞ்சட் சுவர்த்தாள்' என்ற சிறுகதை இவ்வனுபவத்தினின்று பிறந்தது.

ஒருவருக்கு வேலை நோயாகவும் மற்றொருவருக்கு வேலையே மருந்தாகவும் இருந்தமை கணக்கில் விழுந்த துண்டு என்ற பியர்டின் கொள்கையாற் விளங்காது. இதனைத் தெளிவாகக் கண்டவர், ஹாவாட் பல்கலைக்கழகத்து வில்லியம் ஜேம்ஸ். 1899இல் வெளிவந்த அவருடைய ஆசிரியர்க்கான சொற்பொழிவு நூலில், தளர்ச்சியைப் பற்றிய உரையொன்று உண்டு. அமெரிக்கரை முறிப்பது வேலையின் அளவுமன்று, நாட்டின் தட்பவெப்பமுமன்று என்கிறார் அவர். வேலையோடு ஒட்டிக்கொண்டுள்ள அவசர உணர்ச்சி, நேரமில்லை என்ற ஏக்கம், மூச்சு வாங்கல், முகத்தின் இறுக்கம், பயன் பற்றிய கவலை ஆகியனவே முறிக்கின்றன. அதே வேலையை இவையின்றிச் செய்வோர் முறிவதில்லை என்பது அவர் வாதம்.

அந்நூலிலே நம்மவரும் வருகின்றனர். தம் ஊருக்கு வந்த இந்து அறிஞர் சிலர், அமெரிக்கரின் இறுகிய முகங்களைக் கண்டு வருந்தியதாகவும், நாளில் அரை மணித்தியாலமேனும் அமைதியில் அமர்வது இந்து வாழ்வின் மாறாத வழக்கம், ஒவ்வோர் இந்துக் குழந்தையும் இதிற் பயிற்றப்படுகின்றது என்று கூறியதாகவும் ஜேம்ஸ் எழுதுகிறார். அயல்நாட்டிற் சென்று நம் வீட்டைப் பற்றிப் பேசும்போது சற்று மிகைப்படுத்துவது இயல்பே! ஒவ்வொரு குழந்தையும் என்பது அன்றும் உண்மையாய் இருந்திராது. இன்று, பாடசாலை மணி அடித்தவுடன் தனியார் வகுப்புக்கு ஓடும் பிள்ளையிடம் அதைச் சொல்ல நமக்கு நாவெழாது.

இறுதிச் சான்றாக அமைபவர், உழைப்பின் வரலாற்றையே எழுதிய மாக்ஸ் வேபர். 1894இல், முப்பது வயதில், பிரைபேர்க் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். 1896இல் ஹைடல்பேர்க் அழைத்தது. இரவு ஒரு மணிவரை உழையாவிடின் பேராசிரியராக இருக்க இயலாது என்பது அவர் மனைவிக்குக் கூறிய நியாயம். 1897ஆம் ஆண்டுக் கோடையில், தாயின் பொருட்டுத் தந்தையோடு கடுமையாகச் சச்சரவிட்டார். சில வாரங்களில், மனத்தாங்கல் தீராமலே தந்தை இறந்தார். அதன்பின் தூக்கம் கெட்டது; பேச்சு எழவில்லை; வகுப்பறை அச்சந் தந்தது. நோயில் வீழ்ந்தபின் எழுதிய கடிதமொன்றில், இத்தனை காலமும் அறிவுப் பணியைத் தாயத்துப்போலப் பற்றியிருந்ததாகவும், எதனின்று காத்துக்கொள்ள என்பதைத் தாமே அறிந்திலர் என்றும் கூறியுள்ளார். மருத்துவ நூல்கள் பலவற்றினும் இவ்வொரு வாக்குமூலம் நமக்குக் கூடுதலாகச் சொல்கின்றது. வேலை சுமையாக மட்டுமன்று, மறைவிடமாகவும் இருந்தது.

1898இல் கொன்ஸ்தான்ஸ் ஏரிக்கரையிலும் பின்னர் வேறிடங்களிலும் சிகிச்சை. கோர்சிக்கா, உரோமாபுரி எனப் பயணம். 1903இல் பேராசிரியர் பதவியைத் துறந்தார். 1904இல் அமெரிக்கா சென்று, ஆறாண்டுகளுக்கு மேலாகப் பேசாதிருந்தவர் சென் லூயிஸ் நகரில் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலுமே, சீர்திருத்தச் சமயத்தின் ஒழுக்கமும் முதலாளித்துவ மனப்பான்மையும் பற்றிய அவருடைய புகழ்பெற்ற ஆய்வு வெளிவந்தது. இறைவன் பணித்த கடமையென ஒருகாலத்தில் விரும்பி ஏற்கப்பட்ட இடையறா உழைப்பு, சமயப் பற்று வற்றிய பின்னரும் ஒழியாது, எவரும் தப்பவொண்ணாக் கட்டாயமாக இறுகியது என்பது அதன் முடிவுரை. ஏட்டறிவால் மட்டும் எழுதக்கூடிய முடிவுரையன்று அது. முழுநேர ஆசிரியப் பணிக்கு அவர் திரும்பியது 1919இலேதான்; அடுத்த ஆண்டில் இறந்தார். இடைப்பட்ட காலத்திலே தம் போக்கில் எழுதி, இந்து சமயம் பற்றிய ஆய்வையும் தந்தார். இவ்வாறு ஒதுங்கியிருக்கக் குடும்பச் செல்வம் இடந்தந்தது. மன்செஸ்ரர் நெசவாளி ஒருவன் முறிந்திருந்தால் அவனுக்கு உரோமாபுரி ஏது?

வேலையின் அளவு பொருட்டன்று என்று இதனாற் கொள்ளலாகாது. 2021இல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழில் நிறுவனமும் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ உழைப்போர்க்கு, 35 முதல் 40 மணித்தியாலம் உழைப்போரினும் பக்கவாத ஆபத்து ஏறத்தாழ 35 வீதம் கூடுதல். இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 வீதம் கூடுதல். 2016ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 745,000 பேர் இதனால் இறந்தனர் என்பது அவ்வாய்வின் மதிப்பீடு. மிகை உழைப்பால் நேரும் மரணத்துக்குக் 'கரோஷி' எனத் தனிச்சொல் வழங்கும் யப்பான், 2014இல் அதனைத் தடுக்கச் சட்டமே இயற்றியது. உடல் தாங்கும் எல்லை உண்டு. உள்ளம் அவ்வெல்லைக்கு முன்னரும் முறியலாம் என்பதே மில்லும் வேபரும் காட்டுவது.

நரம்புத் தளர்ச்சி என்னும் பெயர் மெல்ல மங்கியது. அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 1980இல் தன் நோய்த் தொகுப்பினின்று அதனை நீக்கியது. அதற்குள் வேறொரு சொல் பிறந்திருந்தது. 1974இல், நியூயோர்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவ நிலையமொன்றில் தொண்டாற்றியோர் சோர்ந்து விழுவதைக் கண்ட உளவியலறிஞர் ஹேபர்ட் பிரொய்டன்பேகர், அந்நிலையைப் 'பேர்ன் அவுட்' என்றார். எரிந்து தீர்ந்தமை எனலாம். பியர்டின் மங்கும் விளக்கே வேறோர் உருவில் திரும்பிவந்தது போலும். உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய்ப் பகுப்பு, 2022 முதல் நடைமுறைக்கு வந்தது; அதில் இச்சொல், நோயாகவன்றித் தொழில்சார்ந்த ஒரு நிலையாக இடம்பெற்றுள்ளது. தொழிற் சூழலுக்கே உரியது, வாழ்வின் பிற துறைகளின் அனுபவங்களுக்கு வழங்கலாகாது என்னும் குறிப்பும் உடன் உண்டு. அக்குறிப்பின்படி, கைக்குழந்தையோடு வீட்டில் அடைபட்ட கில்மனுக்கு இப்பெயர் பொருந்தாது. விடுமுறை அறியாது கிரேக்கம் படித்த சிறுவன் மில்லுக்கும் பொருந்தாது. விடியுமுன் ஒரு வகுப்பு, பாடசாலை, மாலையில் இன்னொரு வகுப்பு, சனியும் ஞாயிறும் அவ்வாறே எனப் பரீட்சையை நோக்கி ஓடும் நம் மாணவருக்கும் பொருந்தாது.